சேர்மனின் ஏழாவது அடி

தூம்பாடி பார்க்லேண்ட் கோல்ஃப் கிளப்பின் பதினெட்டாவது குழிக்கு மேலே, ஒரு தென்னைமர உயரத்தில், எங்கள் சேர்மன் சென்னியப்பன் அடித்த பந்து தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் காலை பதினொன்றே காலுக்குப் போய் நின்றது. அடுத்த மார்கழி வரைக்கும் அது கீழே வரவில்லை. நான் அந்தக் கிளப்பின் செகரட்டரி. வேளாண்மைத் துறையில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குப் புல்லைப் பற்றித் தெரியும் என்பதால் அந்தப் பதவியைக் கொடுத்தார்கள், வேறு எதைப் பற்றியும் வாய் திறக்கமாட்டேன் என்பதால் அதிலேயே ஒன்பது வருஷம் வைத்திருந்தார்கள்.

மலையடிவாரத்தில் சேர்மனுடைய தாத்தா வரிசை வரிசையாக நட்டுவைத்த தூங்குமூஞ்சி மரங்களுக்கு நடுவே ஓடுகிற புல்வெளிதான் எங்கள் மைதானம். நூற்பாலை முதலாளிகள், அவர்களுடைய ஆடிட்டர்கள், அவர்களுடைய பல் டாக்டர்கள், இவர்கள்தான் உறுப்பினர்கள். இந்த மரங்களுக்குள் பந்து போய்விட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கிற பழக்கம் எங்களுக்குள் கிடையாது. உள்ளே போனவர் வெளியே வந்து, இத்தனை அடி அடித்தேன் என்று ஒரு எண்ணைச் சொல்வார், மற்றவர்கள் அதை அட்டையில் எழுதிக்கொள்வார்கள், பிறகு அவர்கள் உள்ளே போய்விட்டு வரும்போது அவர் எழுதிக்கொள்வார், இப்படித்தான் நாற்பது வருஷமாக ஒருவர் மனசை ஒருவர் நோகடிக்காமல் ஆடிவந்தோம். சென்னியப்பன் தன் தாத்தா பெயரில் இருக்கிற கோப்பையை இந்த முறையில்தான் தொடர்ந்து பதினோரு வருஷம் வாங்கினார்.

பன்னிரண்டாவது வருஷம் மாநிலச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. போட்டியை எல்லா அமெச்சூர் ஆட்டக்காரர்களுக்கும் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தூம்பாடியின் பெயர் பட்டியலில் இருக்காது என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் மூன்று கூட்டம் போட்டு மனம் வருந்திவிட்டு, வாசலில் 'ஓப்பன்' என்று பேனர் கட்டினோம். திறந்த வாசல் வழியாக நாற்பத்தோரு பேர் வந்தார்கள். அவர்களில் ஜெபக்கனியும் ஒருத்தர்.

ஜெபக்கனி ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். ஊர் நாசரேத் பக்கம். மாநில மகளிர் ஹாக்கி அணியில் ஏழெட்டு வருஷம் ஓடி, முழங்கால் கெட்டுப்போய், ஓடாமல் ஆடுகிற ஆட்டம் எது என்று விசாரித்து, ரயில்வே காலனியில் இருந்த ஒன்பது குழி மைதானத்தில் முப்பது வயசுக்கு மேல் கோல்ஃப் கற்றுக்கொண்டவர். இரண்டு நாள் போட்டியில் முதல் நாளே அவரும் சேர்மனும் முன்னணியில் வந்துவிட்டதால், இரண்டாம் நாள் இருவரையும் ஒரே ஜோடியாக அனுப்ப வேண்டியதாயிற்று. ஜோடியாக ஆடுகிறவர்கள் ஒருவர் அடிகளை ஒருவர் எண்ணி எழுத வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. இப்படியாக சேர்மனின் அட்டை டிக்கெட் பரிசோதகர் கைக்குப் போனது.

குறைந்த அடிகளில் முடிக்கிறவருக்குத்தான் கோப்பை; பதினேழு குழி முடிந்தபோது இருவரும் சமம். கடைசிக் குழியில் சேர்மனுடைய முதல் அடி வலது பக்கம் வளைந்து மரங்களுக்குள் போனது. நாங்கள் வழக்கப்படி எல்லோரும் மலையைப் பார்த்தோம். ஜெபக்கனி மட்டும் அட்டையும் பென்சிலுமாக அவர் பின்னாலேயே மரங்களுக்குள் போய், பத்தடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். சேர்மன் திரும்பிப் பார்த்தார். ஜெபக்கனி சிரித்தார். சேர்மன் அடித்தார், பந்து வேரில் மோதி ஒரு சாண் நகர்ந்தது. மறுபடி அடித்தார், அடிமரத்தில் பட்டு அவருக்குப் பின்னால் வந்து விழுந்தது. மறுபடி வீசினார், மட்டை காற்றை மட்டும் அடித்துவிட்டுத் திரும்பியது. மறுபடி ஒன்று புல்லுக்குள், மறுபடி ஒன்று மூங்கில் புதருக்குள். அங்கிருந்து, வியர்த்து, கண் சிவந்து, அவர் ஓங்கி அடித்த அடியில் பந்து மரங்களின் தலைக்கு மேலே எழும்பி, நீல வானத்தில் வெள்ளைப் பொட்டாகி, கொடிக்கு நேர் மேலே வந்து, இறங்க ஆரம்பித்து, என்ன நினைத்ததோ, பாதியில் நின்றுவிட்டது.

"ஏனுங்க செகரட்டரி, பந்து எங்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே சேர்மன் மரங்களை விட்டு வெளியே வந்தார்.

"மேலீங்க," என்றேன்.

அண்ணாந்து பார்த்தார். பந்து அதே இடத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் பச்சை மையால் போட்டிருந்த 'செ' என்ற எழுத்து வருவதும் போவதுமாக இருந்தது.

"சரி, வரட்டும்," என்றார். "மூணாவது அடி."

"ஏழு," என்றார் பின்னாலேயே வந்த ஜெபக்கனி.

ஆனால் அதற்குள் எல்லோரும் பந்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மணி பன்னிரண்டானது. ஜெபக்கனி தன் பந்தை ஐந்தாவது அடியில் குழிக்குள் தள்ளி முடித்துக்கொண்டார். அதாவது சேர்மன் நான்கில் முடித்தால் கோப்பை அவருக்கு, ஐந்தென்றால் சமம், அதற்கு மேல் போனால் ஜெபக்கனிக்கு. ஒரு மணிக்குப் பந்தி போட்டோம். வாழை இலையோடு வந்தவர்கள் பந்துக்குக் கீழே உட்காராமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். நான்கு மணிக்கு சேர்மன் விதிப்புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். பந்து குழியின் விளிம்பில் நின்றால் பத்து வினாடி காத்திருக்கலாம் என்று போட்டிருந்தது. வானத்தில் நின்றால் எவ்வளவு நேரம் என்று போடவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பந்து நிற்கும்வரை குழி முடிந்ததாகாது என்று போட்டிருந்தது. இந்தப் பந்து சுற்றிக்கொண்டிருந்தது, எனவே ஓடிக்கொண்டிருந்தது. குழியை முடிக்காமல் மைதானத்தை விட்டு வெளியே போகிறவர் போட்டியிலிருந்து விலகியவராகிறார் என்றும் போட்டிருந்தது. இந்தக் கடைசி வரியை நான் சத்தமாகப் படித்திருக்க வேண்டாம்.

சேர்மன் கார் சாவியை டிரைவரிடம் கொடுத்துவிட்டு, தன் மனைவி பாவாத்தாளுக்குப் போன் செய்தார்.

"நான் இங்கேயே இருக்கறேன். துணிமணி குடுத்து விடு."

"எத்தனை நாளைக்குங்க?"

"பந்து வர்ற வரைக்கும்."

"அது எப்பங்க வரும்?"

"அதென்ன பஸ்ஸா, டைம் சொல்றதுக்கு?"

முதல் வாரம் அவர் கூடாரத்தில் இருந்தார். இரண்டாம் வாரம் கூடாரம் தகரக் கொட்டகை ஆனது, மூன்றாம் வாரம் கொட்டகைக்கு ஏசி வந்தது, பங்குனி பிறந்தபோது கண்ணாடி ஜன்னலும் குளியலறையுமாக ஒரு வீடே பதினெட்டாவது குழியைச் சுற்றியுள்ள கிரீன் புல்தரையின் ஓரத்தில் எழும்பிவிட்டது. மில் மேனேஜர்கள் கோப்புகளோடு அங்கே வந்தார்கள், முடிவெட்டுகிறவர் அங்கே வந்தார், தொழிற்சங்கத்தார் கோரிக்கைகளோடு வந்து பந்தைப் பார்த்துவிட்டு எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பினார்கள். மகளுக்கு நிச்சயதார்த்தம் அங்கேயே நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் மாலையும் தட்டுமாகப் பந்துக்குக் கீழே உட்கார்ந்து, இப்படி ஒரு சம்பந்தம் யாருக்கு வாய்க்கும் என்று ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

நாங்களும் பழகிக்கொண்டோம். முதல் பத்து நாள் அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலித்தது, பிறகு வலி போய்விட்டது, பிறகு அண்ணாந்து பார்ப்பதும் போய்விட்டது. வெளியூர் விருந்தாளிகள் வந்து வாயைப் பிளந்தால், "ஓ, அதுங்களா?" என்று, ஏதோ நாங்களே செலவு செய்து மாட்டிவைத்த மாதிரி சொல்லப் பழகினோம். பந்துக்குக் கீழே போகும்போது குடை பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினோம். ஒரு காக்கை பந்தின்மேல் உட்காரப் பார்த்து வழுக்கி விழுந்தது, மறுபடி உட்காரப் பார்த்து மறுபடி விழுந்தது, அப்புறம் தூம்பாடிக் காக்கைகள் எதுவும் அந்தப் பக்கம் பறக்கவில்லை. உறுப்பினர்களின் மனைவிமார் விடியற்காலையில் பாய் விரித்து, பந்தைப் பார்த்தபடி மூச்சை இழுத்து விட்டார்கள். சர்க்கரை குறைந்ததாகச் சொன்னார்கள். ஒரு கட்சிக்காரர்கள் 'வீழாத பந்தே, எங்கள் வெற்றியே' என்று பேனர் வைத்தார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் பந்தையே காணாத மாதிரி நடந்துகொண்டார்கள். மைதானத்துக்கு வெளியே கட்டப்பட்ட அடுக்குமாடியில் பந்து தெரிகிற பக்கத்து வீடுகள் முதலில் போயின. இயற்பியல் பேராசிரியர் ஒருவர் பெட்டி பெட்டியாகக் கருவிகளோடு வந்து, ஒரு மாதம் அளந்து, இது இப்படி நிற்க முடியாது என்று நாற்பது பக்கத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, எங்கள் கிளப்பில் உறுப்பினராகச் சேர்ந்துகொண்டார்.

சேர்மனோ நாளுக்கு நாள் பெருத்தார், உடம்பில் மட்டுமல்ல. தோற்காமல் நிற்கிறவர் என்று பத்திரிகைகள் எழுதின. இடது கையை இடுப்பில் வைத்து, வலது கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்து, பந்தைப் பார்த்து நிற்கிற மாதிரி ஒரு நிலையைப் பழகிவைத்திருந்தார். பார்க்க வருகிறவர்களுக்கு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை அப்படி நின்று காட்டினார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஜெபக்கனி வந்தார். அது அவருடைய வார விடுமுறை நாள். பாசஞ்சர் ரயிலில் வந்து, டவுன் பஸ் பிடித்து, பத்து மணிக்கு வாசலில் இறங்கி, சேர்மனின் ஸ்கோர் அட்டை இருக்கிற பிளாஸ்டிக் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, கிரீனுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். மத்தியானம் எலுமிச்சை சாதம் சாப்பிடுவார். நான்கு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போவார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது அந்த நாற்காலி கார் நிறுத்தும் இடத்தில் கிடக்கும். அதை அங்கே கொண்டுபோய்ப் போட்டது யார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஒருவர் மாற்றி ஒருவர் போட்டோம். அவர் ஒன்றும் கேட்காமல் அதைத் தலைகீழாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து மறுபடி அதே இடத்தில் போட்டு உட்காருவார்.

"எதுக்கும்மா இவ்வளவு தூரம் அலையறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன். "பந்து விழுந்தா நாங்க போன் பண்ண மாட்டமா?"

"பண்ணுவீய சார்," என்றார். "நா வந்து சேரும்முன்ன வேற ஆரையாவது வச்சு மூணுன்னு எழுதியும் முடிச்சிருவீய."

"இதுல உங்களுக்கு என்னங்க கெடைக்கப் போகுது?"

அவர் கிளப் கட்டடத்துச் சுவரில் தங்க எழுத்துகளில் பெயர்கள் இருக்கிற பலகையைக் காட்டினார். பதினோரு முறை ஒரே பெயர் இருந்தது.

"ஹாக்கியில நாங்க ஜெயிச்சப்பல்லாம் டீம் பேருதான் எழுதுவாவ. எம்பேர ஒரு எடத்துலயும் எழுதுனதில்ல. நா ஜெயிச்சுட்டேன் சார். தை மாசமே ஜெயிச்சுட்டேன். அந்தப் பந்து குழிக்குள்ள விழுந்தாலும் சரி, குளத்துல விழுந்தாலும் சரி, அது ஏழாவது அடி."

இதைத்தான் அவர் எல்லோரிடமும் சொன்னார். பத்திரிகைக்காரர் ஒருவர், பந்து நின்ற அந்த நொடியில் உங்கள் மனசில் என்ன ஓடியது என்று கேட்டார். ஏழாவது அடி சார் அது, என்றார் ஜெபக்கனி. பத்திரிகைக்காரர் பேனாவை மூடிவிட்டு, பந்தை இன்னொரு போட்டோ எடுத்துக்கொண்டார். வானத்தில் ஒரு பந்து நிற்கும்போது மரத்துக்குள் நடந்ததைப் பற்றிப் பேசுகிற ஒருத்தரை யார் பொருட்படுத்துவார்கள்? பேராசிரியருடைய நாற்பது பக்கத்திலும் அந்த எண் இல்லை.

சேர்மனுடைய மட்டைப் பையைச் சுமக்கிற கேடி வெள்ளிங்கிரி, ஐம்பது வயசுக்காரர், பையோடு அன்றைக்கு மரங்களுக்குள்தான் நின்றார். அவரைக் கேட்டால், "நான் பையைத்தானுங்க பாத்துட்டு இருந்தேன்," என்பார். பதினைந்து நிமிஷமும் பையையேவா என்று கேட்டால், "பை நல்ல பைங்க," என்பார்.

நானும் பார்த்தேன். அதைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டாவது குழிக்குப் போட்டி அதிகாரி நான்தான், கழுத்தில் பைனாகுலர் இருந்தது, எல்லோரும் மலையைப் பார்த்தபோது நான் வேளாண்மைத் துறைப் பழக்க தோஷத்தில் மரங்களைப் பார்த்துவிட்டேன். ஏழுதான். காற்றை அடித்ததையும் சேர்த்து ஏழு. வீட்டில்கூட இதை நான் சொல்லவில்லை.

ஆடி மாதத்தில் கமிட்டி ஜெபக்கனியைச் சமாதானப்படுத்தப் பார்த்தது. ஆயுள் உறுப்பினர் ஆக்குகிறோம் என்றோம். மகளிருக்குத் தனியாக ஒரு கோப்பை ஏற்படுத்தி அதற்கு அவர் பெயரையே வைக்கிறோம் என்றோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதுக்கு எத்தன அடி எழுதணும் சார்?" என்று கேட்டார். ஆடிட்டர் ஒருவர், தனக்குத் தெரிந்த ரயில்வே அதிகாரியைப் பிடித்து இந்த அம்மாவுக்கு நல்ல புத்தி சொல்லச் சொன்னார். அந்த அதிகாரி, தன் மாமியாரையே டிக்கெட் இல்லையென்று இறக்கி அபராதம் போட்டவர் இந்த அம்மா என்றும், தன்னால் ஆகாது என்றும் சொல்லிவிட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பந்தும் நனைந்தது, அதன் அடியில் ஒரு துளி திரண்டு, கனத்து, குழிக்குள் சொட்டும், மறுபடி ஒரு துளி திரளும். ஜெபக்கனி குடை பிடித்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிளப் வராந்தாவில் நாங்கள் வெங்காய பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் அவருக்கு ஒரு டீ கொடுத்தனுப்பினேன். அந்த வருஷம் முழுக்க நான் காட்டிய தைரியம் அவ்வளவுதான்.

சேர்மனுக்கு முதுகுவலி வந்ததும் ஐப்பசியில்தான். கொலஸ்டிராலும் ஏறியிருந்தது. பாவாத்தாள் பெட்டி படுக்கையோடு வந்து அந்தக் கண்ணாடி வீட்டில் குடியேறி, எண்ணெயைக் குறைத்து, பார்வையாளர்களைக் குறைத்து, மத்தியானம் கட்டாயம் ஒரு மணி நேரம் படுக்க வைத்தார். அந்த அம்மா ஆரம்பத்திலிருந்தே பந்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "வீட்டுல முருங்கை மரம் முறிஞ்சு கெடக்குது, பாக்க ஆளில்ல. இவரு இங்க ஒரு பந்துக்குக் காவலு," என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்கழி பிறந்தது. அடுத்த தை நெருங்கிவிட்டது; பழைய போட்டி முடியாமல் புதிய போட்டியை எப்படி நடத்துவீர்கள் என்று மாநிலச் சங்கம் கேட்டு, ஒரு பார்வையாளரை அனுப்பிவைத்தது. அவர் சென்னையிலிருந்து வந்த ஒல்லியான மனிதர், பெயர் இளஞ்சேரல், எதற்கும் ஆச்சரியப்படாத முகம். வந்த ஞாயிற்றுக்கிழமை காலை பந்தை ஒரு முறை பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தன் குறிப்பேட்டில் 'பந்து மேலே உள்ளது' என்று எழுதிக்கொண்டார். நாங்கள் அவரை வைத்துக்கொண்டு பொதுக்குழுவைக் கூட்டினோம். பந்து குழிக்குள் விழுந்துவிட்டதாகக் கருதப்பட வேண்டும் என்று ஒரு தீர்மானம் தயாராக இருந்தது. புல்வெளியில் பந்தல் போட்டு நூற்று இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். தீர்மானத்தை நான்தான் படித்தேன். ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்கலாம் என்றேன். நூற்று இருபது கைகள் மேலே போயின, என் கை உட்பட.

அப்போது பந்து விழுந்தது.

சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. நேராக இறங்கி, கொடிக்கம்பை உரசாமல், புல்லைத் தொடாமல், குழிக்குள் போய் 'டொக்' என்றது. யாரும் தூக்கிய கையை இறக்கவில்லை. பிறகு பெரிய கூச்சல் எழுந்தது, ஆடிட்டர்கள் அழுதார்கள், பல் டாக்டர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், பேராசிரியர் முழங்காலிட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்தார், "மூணு! மூணு!" என்று கத்திக்கொண்டு நாலு பேர் சேர்மனைத் தோளில் தூக்கினார்கள், முதுகு வலிக்கிறது என்று அவர் கத்தியதும் இறக்கிவிட்டார்கள்.

இளஞ்சேரல் கூட்டம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, "அட்டை யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டார்.

ஜெபக்கனி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து அட்டையை எடுத்து, பதினெட்டாவது கட்டத்தில் ஏழு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"மூணுங்க அது," என்றார் சேர்மன். "ஊருக்கே தெரியும்."

"அட்டை எழுதுகிற மார்க்கர் ஏழு என்கிறார். தகராறு என்றால் கமிட்டிதான் தீர்க்க வேண்டும்," என்றார் இளஞ்சேரல். "அன்றைக்கு இந்தக் குழிக்கு அதிகாரி யார்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சேர்மன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மிரட்டல் எதுவும் இல்லை, அதுதான் மோசம்; வீட்டு நாயைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி நம்பிக்கையாகச் சிரித்தார். ஜெபக்கனியும் என்னைப் பார்த்தார். என் வாய்க்குள் ஏழு இருந்தது. ஒரு வருஷமாக அங்கேயே இருந்தது.

"நான் பந்தை மட்டுந்தானுங்க பாத்துட்டு இருந்தேன்," என்றேன்.

வெள்ளிங்கிரி தலையைக் குனிந்துகொண்டார்.

இளஞ்சேரல் தலையாட்டினார். "அப்படியானால் இவரும் ஏழுக்குக் கையெழுத்துப் போடாதவரை அட்டை செல்லாது. இவர் அந்தக் குழியை முடித்ததாகப் பதிவு இருக்காது."

"சரிங்க, போகட்டும். அந்த அடி?" என்றார் சேர்மன்.

"எந்த அடி?"

"இப்ப விழுந்துச்சே. ஒரு வருஷம் வானத்துல நின்னு நேராக் குழிக்குள்ள விழுந்துச்சே. அது எம்பேர்ல வருமில்லீங்களா?"

"அட்டை செல்லாதபோது அடி எப்படி வரும்? ஒரு பந்து விழுந்தது. யார் அடித்த பந்து என்று சங்கத்தில் பதிவு இருக்காது."

சேர்மன் முகத்தில் அப்போதுதான் முதல் முறையாக பயத்தைப் பார்த்தேன். கோப்பையை இழப்பதைப் பற்றி அவர் யோசித்திருக்கலாம். இதை அவர் யோசிக்கவே இல்லை. உலகத்தில் எவனும் அடித்திராத ஒரு அடி. அதை அவர் அடித்திருக்கிறார். அது அவருடையது இல்லையாம்.

அப்போது பாவாத்தாள் கண்ணாடி வீட்டு வாசலில் நின்று, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஏனுங்க, மத்தியானம் கண்ணசந்தா நீங்க ஒளர்றதே எண்ணிக்கைதான். 'வேரு ஒண்ணு, மரம் ஒண்ணு, காத்து ஒண்ணு'ன்னு போகுது. ஒரு நாள்கூட மூணுல நின்னதில்லீங்க. ஏழுல வந்துதான் நிக்கும், அப்புறம்தான் கொறட்டை வருது. கையெழுத்தப் போட்டுட்டு வாங்க. வீட்டுக்குப் போலாம்."

சேர்மன் மனைவியைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், காலியாக இருந்த வானத்தைப் பார்த்தார். எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நாங்கள் வழக்கப்படி மலையைப் பார்த்தோம். பிறகு அட்டையை வாங்கி, பெஞ்சின் மேல் வைத்து, பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

"ஏழுதானுங்க," என்றார் இளஞ்சேரலிடம். உடனே, குரல் உடைந்து, கண் கலங்கி, "ஆனா எப்படி விழுந்துச்சு பாத்தீங்களா!" என்றார்.

"பார்த்தேன்," என்றார் இளஞ்சேரல், எழுதிக்கொண்டே.

அதற்குப் பிறகு நடந்தது அவ்வளவும் சேர்மனுடைய விழாதான். கோல்ஃப் வரலாற்றிலேயே மிக மகத்தான ஏழாவது அடி என்று ஆடிட்டர் பேசினார். தன் தவறைத் தானே ஒப்புக்கொண்ட பெருந்தன்மையைப் பற்றிப் பல் டாக்டர் பேசினார். அந்தக் குழியை இனிமேல் யாரும் பயன்படுத்தக் கூடாது, கண்ணாடி போட்டு மூடி, பக்கத்தில் கல்வெட்டு வைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். நூற்று இருபது கைகள் மறுபடி மேலே போயின. நடுவில் ஒரு நிமிஷம் இளஞ்சேரல் கோப்பையை எடுத்து ஜெபக்கனி கையில் கொடுத்தார். நாலைந்து பேர் கை தட்டினோம். போட்டோக்காரர் அந்த நேரத்தில் குழிக்குள் லென்ஸை விட்டுக்கொண்டிருந்தார்.

ஜெபக்கனி கோப்பையை ஒரு துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியை அவரே தூக்கிப்போய் கார் நிறுத்தும் இடத்தில் போட்டுவிட்டு, வாசலை நோக்கி நடந்தார். அவர் போவதை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். பின்னாலேயே ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றேன்.

"அம்மா, அன்னைக்கு நானும் எண்ணுனேனுங்க. ஏழுதானுங்க."

"தெரியும் சார்," என்றார் அவர்.

"தெரியுங்களா?"

"நா மரத்துக்குள்ள இருந்து பாத்தேம்லா. நீங்க ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு வெரலா மடக்குனீய."

"அப்புறம் ஏனுங்க ஒரு வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா சொல்லிருப்பீயளா?"

சாலையில் பஸ் வந்துகொண்டிருந்தது. சொல்லியிருப்பேன் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அது வந்து, நின்று, இரண்டு பேர் இறங்கி, ஒரு மூட்டையை இறக்கி, கண்டக்டர் விசில் ஊதும்வரை நேரம் இருந்தது. ஜெபக்கனி அதுவரை படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்டக்டரிடம் முதல் ஆளாக டிக்கெட் வாங்கினார்.

பஸ் வளைவில் மறைந்ததும் நான் கிளப்புக்குத் திரும்பினேன். குழியைப் பார்க்க நீண்ட வரிசை நின்றது. அதன் கடைசியில் போய் நின்றுகொண்டேன்.